ஏறுநேரமும் இறங்குநேரமும்: நான்கு வழக்கங்கள், ஒரு தீர்ப்பு

விஎஃப்டி டிரைவ் ஒன்றைப் பேனலில் பொருத்தி, மோட்டாரின் பெயர்ப்பலகை விவரங்களை ஏற்றி ஓடவிடும் எவரும் தொட்டே ஆக வேண்டிய எண்கள் இரண்டு: ஏறுநேரம், இறங்குநேரம். மற்ற அளவுருக்கள் தவறினால் டிரைவ் பெரும்பாலும் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். இவை இரண்டும் தவறினால் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. பெல்ட் சீக்கிரம் தேயும், கப்ளிங் ரப்பர் பிய்யும், குழாய் மூட்டில் கசிவு தொடங்கும். பழி பெல்ட் கம்பெனி மீதும் ஃபிட்டர் மீதும் போகும். பேனலைத் திறந்து அந்த இரண்டு எண்களைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆகவே இவற்றை அமைக்கும் முறையை மதிப்பிட, டிரைவ் ட்ரிப் ஆகிறதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி போதாது.

மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது பொருத்தம்: அமைத்த நேரம் அந்தச் சுமையின் தேவையிலிருந்து பிறந்ததா? இரண்டாவது தாங்குதிறன்: மோட்டாரும் டிரைவும் இயந்திரப் பாகங்களும் அதைத் தாங்குமா? மூன்றாவது வாய்மை: திரையில் இருக்கும் எண்ணும் தண்டில் நடக்கும் நேரமும் ஒன்றா? கடைசியானதைப் பற்றி நம் துறையில் பேச்சு குறைவு. கமிஷனிங் முடிந்து கையெழுத்தான பேனல்கள் பலவும் அதில்தான் தோற்கின்றன.

நடைமுறையில் நான்கு வழக்கங்கள் உண்டு. தொழிற்சாலை மதிப்பை அப்படியே விட்டுவிடுவது; ட்ரிப் ஆகும்வரை குறைத்துப் பார்த்துப் பின்பு கொஞ்சம் கூட்டிவைப்பது; நிலைமத்தைக் கணக்கிட்டு அமைப்பது; டிரைவுக்குள் இருக்கும் தானியங்கிக் காப்பிடம் பொறுப்பை ஒப்படைப்பது. நான்கிலும் நியாயம் உண்டு. நான்கும் ஒரே தரத்தவை அல்ல.

இவற்றுக்கு முன், எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாக்க வேண்டும். ஏறுநேரம் பத்து வினாடி என்றால், பூஜ்யத்திலிருந்து எந்த அதிர்வெண் வரை? இங்கே தயாரிப்பாளர்கள் ஒருமித்து நிற்கவில்லை. யாஸ்காவா டிரைவில் சி1-01 என்னும் ஏறுநேரம் இ1-04 என்ற அதிகபட்ச அதிர்வெண் வரை அளக்கப்படுகிறது. சீமென்ஸில் பி1120, பி1082 என்ற உச்சம் வரை. ஷ்னைடர் ஆல்டிவார் வரிசையில் மோட்டாரின் குறிப்பிட்ட அதிர்வெண் வரை. மிட்சுபிஷி இதற்கென்றே பிஆர் 20 என்று ஓர் அளவுருவைத் தனியாக வைத்திருக்கிறது. இவற்றில் மிட்சுபிஷியின் ஏற்பாடே கோட்பாட்டளவில் நேர்மையானது. உச்ச வேகத்தை மாற்றினாலும் சரிவு மாறாது. அதன் குறை, அந்த அளவுரு இருப்பதையே பலர் அறியாததுதான். யாஸ்காவா, சீமென்ஸ் முறை நினைவில் வைக்க எளிது. ஆனால் உற்பத்தியைக் கூட்ட ஒருவர் உச்சத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஆக்கினால், ஏறுநேரத்தை யாரும் தொடாமலேயே சரிவு வினாடிக்கு 5 ஹெர்ட்ஸிலிருந்து 6 ஆகிறது. முடுக்கத்துக்கு வேண்டிய முறுக்குவிசையும் இருபது சதவீதம் கூடுகிறது. ஏறுநேர அளவுருவில் எதுவும் மாறியதாகத் தெரியாது. வினாடிக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்றே எல்லாரும் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் இருந்திருக்காது. லிஃப்ட் துறையில் முடுக்கத்தை மீட்டர் கணக்கில் பேசுவதால் அங்கே இந்த மயக்கம் குறைவு.

இனி வழக்கங்களுக்கு வருவோம். தொழிற்சாலை மதிப்பை விட்டுவைப்பதற்கு ஒரே ஆதரவு, தயாரிப்பாளர் யோசித்துத்தான் வைத்திருப்பார் என்ற நம்பிக்கை. அந்த யோசனையின் விளைவைப் பார்க்கலாம். ஆல்டிவார் சிறு டிரைவ்களில் 3 வினாடி. ஏபிபி ஏசிஎஸ்550-இல் 5. யாஸ்காவாவிலும் சீமென்ஸ் மைக்ரோமாஸ்டரிலும் 10. ஒரே மோட்டார், ஒரே சுமை. கம்பெனி மாறினால் மூன்று மடங்கு வேறுபாடு. இந்த எண்களுக்கும் சுமைக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. விதிவிலக்காக ஒன்றைப் பாராட்ட வேண்டும். மிட்சுபிஷி எஃப்ஆர்-எஃப்700, விசிறிக்கும் பம்புக்கும் என்று வந்த வரிசை, அதில் 7.5 கிலோவாட் வரை ஏற 5 வினாடி, இறங்க 10. 11 கிலோவாட் முதல் ஏற 15, இறங்க 30. இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்ற அறிவு அந்த எண்களில் இருக்கிறது. அளவு கூடினால் நிலைமமும் கூடும் என்ற அறிவும் இருக்கிறது. ஆயினும் குறிப்பிட்ட ஒரு விசிறியைப் பற்றிய அறிவு அதில் இருக்க முடியாது. முதல் வழக்கம் பொருத்தம் என்ற முதல் அளவுகோலிலேயே விழுகிறது.

இரண்டாவது வழக்கத்தைக் கேவலமாகப் பேசுவது எளிது, அது நியாயமாகாது. குறைத்துக் குறைத்துப் பார்ப்பவர் இயந்திரத்தின் அருகே நிற்கிறார், சத்தத்தைக் கேட்கிறார், ஆம்பியரைப் பார்க்கிறார். ஏறும்போது மின்னோட்ட ட்ரிப்பா, இறங்கும்போது மின்னழுத்த ட்ரிப்பா என்று பிரித்தறிகிறார், மிட்சுபிஷி டிரைவில் இ.ஓசி1 வந்தால் ஏறுநேரத்தையும் இ.ஓவி3 வந்தால் இறங்குநேரத்தையும் தொட வேண்டும் என்பது அவருக்குப் பாடம். கணக்கில் வராத உராய்வையும் பெல்ட் வழுக்கலையும் இந்த முறை தானாகவே உள்ளடக்கிவிடுகிறது. அதன் வலிமை அது.

பலவீனம் அது தேடும் இடத்தில் இருக்கிறது. ட்ரிப் எல்லையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் ஓரத்திலேயே கூடாரம் அடிக்கிறது. எல்லையோ நிலையாக நிற்பதில்லை. 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் டிசி பஸ் சுமார் 587 வோல்ட். 400 வோல்ட் வகை டிரைவ்கள் பெரும்பாலும் 800 வோல்ட்டைத் தாண்டியதும் ஓவர் வோல்டேஜில் விழும். இடைவெளி 213 வோல்ட். இரவில் சுற்றுவட்டாரச் சுமை குறைந்து லைன் 440 ஆனால் பஸ் 622 ஆகிறது. இடைவெளி 178-ஆகச் சுருங்குகிறது. பகலில் கமிஷன் செய்து ஒப்படைத்த பேனல் இரவு ஷிஃப்டில் மட்டும் ட்ரிப் ஆவதன் காரணம் பல இடங்களில் இவ்வளவுதான். காலியாக ஓட்டிப் பார்த்து அமைத்த கன்வேயர், பொருள் நிறைந்து நின்ற பிறகு கிளம்பாமல் திணறுவதும் இதே வகைக் குறை. சோதித்த நிலை ஒன்று, ஓடும் நிலை வேறு. இந்த முறை தாங்குதிறனைத் தொடுகிறது. பொருத்தத்தைக் கேட்பதே இல்லை. அந்தச் சுமை எத்தனை வினாடியில் நிற்க வேண்டும் என்ற கேள்வி கடைசிவரை எழுவதில்லை.

மூன்றாவது, கணக்கு. நிலைமத்தை வேக மாற்றத்தால் பெருக்கி, மிஞ்சும் முறுக்குவிசையால் வகுத்தால் நேரம் கிடைக்கும். பாடநூல் அறிந்த சூத்திரம். அதைப் போட்டவர்கள் எல்லாரும் சரியாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு விசிறியை எடுத்து முழுக்கப் பார்ப்பது பயன்தரும்.

15 கிலோவாட், நான்கு துருவ மோட்டார், நிமிடத்துக்கு 1460 சுற்று. குறிப்பிட்ட முறுக்குவிசை 98 நியூட்டன் மீட்டர். நூற்பாலை ஈரப்பதக் கூடத்தில் ஓடும் பெரிய விசிறி என்று கொள்வோம். மோட்டார் தண்டுக்கு மாற்றிய நிலைமம் 12 கிலோகிராம் மீட்டர் வர்க்கம், முழு வேகத்தில் காற்றுச் சுமை 85 நியூட்டன் மீட்டர். டிரைவ் 110 சதவீத வகை; அதாவது ஒரு நிமிடத்துக்கு 108 நியூட்டன் மீட்டர் வரை தரும்.

தொழிற்சாலை மதிப்பான 10 வினாடியில் ஏற்ற வேண்டுமானால் முடுக்கத்துக்கு மட்டும் 183 நியூட்டன் மீட்டர் வேண்டும். காற்றுச் சுமையையும் சேர்த்தால் உச்சியில் மோட்டாரின் குறிப்பிட்ட முறுக்குவிசையைப்போல் 2.7 மடங்கு. நடக்காது. சரி, வழக்கமான கணக்கைப் போடுவோம். விசிறியின் சுமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சராசரி மூன்றில் ஒரு பங்கு, 28. மிச்சம் 80. நேரம் 23 வினாடி. பல கையேடுகளும் பல ஆலோசகர்களும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த விடை தவறு. டிரைவ் அதிர்வெண்ணை நேர்கோட்டில் ஏற்றுகிறது. ஒவ்வொரு வினாடியும் ஒரே முடுக்கத்தைக் கேட்கிறது. தொடக்கத்தில் காற்று எதிர்க்காததால் முறுக்குவிசை ஏராளமாக மிஞ்சிக் கிடக்கும். உச்சியை நெருங்கும்போது மிச்சம் 108-இல் 85 போக 23 மட்டுமே. அந்த 23-ஐக் கொண்டு நேர்கோட்டைக் கடைசிவரை பிடிக்க 80 வினாடி வேண்டும். மறுபுறம், டிரைவ் தன் எல்லையைத் தொட்டபடியே ஏறினால் எவ்வளவு ஆகும் என்று தொகையீடு செய்து பார்த்தால் 27 வினாடி. ஆக சராசரிக் கணக்கின் 23 வினாடி எந்த நிலையிலும் நடக்கவே நடக்காத எண். 27-க்கும் 80-க்கும் நடுவில் எதை அமைத்தாலும் விசிறி ஏறிவிடும். ஆனால் திரையில் உள்ள எண் பொய்யாகிவிடும், கடைசிப் பகுதியில் டிரைவ் திணறி நேரத்தை நீட்டிக்கொள்ளும். 40 வினாடியை உண்மையாகவே பெற விரும்பினால் உச்சியில் 131 நியூட்டன் மீட்டர் வேண்டும். மோட்டாரின் 133 சதவீதம். 150 சதவீத வகை டிரைவ் வாங்கியிருக்க வேண்டும். அந்த முடிவு கமிஷனிங் நாளுக்கு உரியது அல்ல, கொள்முதல் நாளுக்கு உரியது. கணக்கு என்ற முறையின் மிகப் பெரிய பயனே இதுதான்: பணம் செலவாகும் முன்பே அது பேசும்.

இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. முழு வேகத்தில் அந்த விசிறிக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 140 கிலோஜூல். டிசி பஸ்ஸில் ஆயிரம் மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 587-இலிருந்து 800 வோல்ட் வரை ஏற அது விழுங்கக்கூடியது 148 ஜூல். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த விகிதத்தை ஒருமுறை மனத்தில் வாங்கியவர் ஏறுநேரத்துக்கும் இறங்குநேரத்துக்கும் ஒரே எண்ணை எழுதமாட்டார்.

காற்றே பிரேக் போடும், ஆகவே பயமில்லை என்பார்கள். பாதி உண்மை. முழு வேகத்தில் 85 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பு உண்டு. அதை நம்பி 22 வினாடி இறங்குநேரம் வைத்தால் முதல் கணத்தில் மோட்டார் பிரேக்காக வேலை செய்யவே வேண்டியதில்லை. வேகம் பாதியானதும் காற்றின் எதிர்ப்பு கால்பங்காகிவிடுகிறது. சரிவு மட்டும் அதே அளவு பிரேக்கைக் கேட்கிறது. குறையை மோட்டார் ஜெனரேட்டராகி நிரப்புகிறது. பஸ்ஸுக்குத் திரும்பும் திறன் 29 ஹெர்ட்ஸ் அருகே உச்சம் தொட்டு 5 கிலோவாட் ஆகிறது. மோட்டாரின் உள்ளிழப்புகள் பாதியைத் தின்றாலும், மிச்சம் அந்தக் கெபாசிட்டரை 0.06 வினாடியில் நிரப்பிவிடும். ஸ்டாப் அழுத்தியதும் எதுவும் ஆகாமல், நடுவழியில் ட்ரிப் ஆகும் விசிறிகளுக்கு இதுவே விளக்கம்.

இந்த விசிறிக்குச் சரியான எண் எது? விரைந்து நிற்கச் சொல்லும் தேவை அந்தச் சுமையில் இல்லை. நிறுத்தத்துக்கு மோட்டாரை விடுவித்துத் தானே ஓய விடலாம். மீண்டும் எடுக்கும்போது ஓடும் விசிறியைப் பிடிக்கும் வசதியை இயக்கிவைக்க வேண்டும். ஆனால் நிறுத்தத்தோடு இறங்குநேரத்தின் வேலை முடிவதில்லை. ஓட்டத்தின் நடுவே வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் அதே எண்தான் ஆளும். 120 வினாடி வைத்தால் சரிவுக்கு வேண்டியது 15 நியூட்டன் மீட்டர். 21 ஹெர்ட்ஸ் வரை காற்றே அதைவிட அதிகமாக எதிர்க்கிறது. விசிறி வழக்கமாக ஓடும் 25 முதல் 50 வரையிலான எல்லைக்குள் பஸ் ஒரு வோல்ட்கூட ஏறாது. பிரேக் ரெசிஸ்டர் வேண்டாம், காப்பு வசதி வேண்டாம், இரவு லைன் எகிறினாலும் கவலை வேண்டாம். இப்படி ஒரு எண்ணைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கணக்குக்குக் குறையே இல்லையா? உண்டு. நிலைமத்தின் மதிப்பு கையில் இருக்க வேண்டும். பழைய இயந்திரங்களின் விவரத்தாள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் புல்லி விகிதத்தின் வர்க்கத்தால் மாற்ற மறந்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு கைவழி இருக்கிறது. விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு மோட்டாரை விடுவித்து, வேகம் விழும் விதத்தை டேக்கோமீட்டரில் குறித்தால், முதல் சில வினாடிகளின் சரிவிலிருந்து நிலைமம் வந்துவிடும். அப்போதைய சுமை முறுக்குவிசையை டிரைவே காட்டும். துல்லியம் பத்து சதவீதம் தவறினாலும் 10 வினாடிக்கும் 80 வினாடிக்கும் உள்ள தூரத்தில் அது ஒரு பொருட்டல்ல.

நான்காவது வழக்கம் இன்று செல்வாக்கோடு வளர்ந்துவருகிறது. ஏறும்போது மின்னோட்டம் எல்லை மீறினால் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தும் வசதி. இறங்கும்போது பஸ் ஏறினால் சரிவைத் தானே நீட்டும் வசதி. யாஸ்காவாவில் எல்3-04, ஆல்டிவாரில் இறங்குசரிவுத் தகவமைப்பு, சீமென்ஸில் பஸ் மின்னழுத்தக் கட்டுப்பாடு, ஏபிபியில் 2005 என்ற அளவுரு. பெயர் பல, பணி ஒன்று. இதன் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு தலைமுறைக்கு முன்பு ட்ரிப் ஆகி நின்றிருக்கும் ஆயிரக்கணக்கான பம்புகளும் விசிறிகளும் இன்று நிற்காமல் ஓடுவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் வாய்மை என்ற அளவுகோலில் இது நேராகத் தோற்கிறது. 5 வினாடி என்று எழுதியிருக்கும், 19 வினாடியில் நிற்கும். ட்ரிப் எதுவும் வராது. தனி விசிறியில் அது பொறுக்கத்தக்கது. ஸ்பிண்டிலும் டிராஃப்டிங்கும் தனித்தனி டிரைவில் ஓடும் ரிங் ஃபிரேமில் ஒரு டிரைவ் தன் இஷ்டத்துக்குச் சரிவை நீட்டினால் நூல் அறும். ஆள் அருகே நின்று வேலை செய்யும் இயந்திரத்திலோ விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஐஇசி 60204-1 தரத்தின் ஒன்றாம் வகை நிறுத்தத்தில், டிரைவ் இயந்திரத்தைக் கட்டுப்பாட்டோடு நிறுத்திய பிறகே மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. காவல் கதவு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த நிறுத்த நேரத்தை நம்பிக் கணக்கிடப்படுகிறது. அந்த நேரத்தைச் சொல்லாமல் நீட்டும் எதையும் அங்கே இயக்கிவைக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இன்னொரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. பணம் கொடுத்து பிரேக் ரெசிஸ்டர் வாங்கி மாட்டுகிறார்கள். சரிவை நீட்டும் இந்த வசதியை நிறுத்த மறந்துவிடுகிறார்கள். பஸ் ஏறத் தொடங்கியதும் சரிவு நீண்டுவிடுவதால் ரெசிஸ்டருக்கு வேலையே வருவதில்லை. அது குளிர்ந்து கிடக்கும். ரெசிஸ்டர் போட்டும் பயனில்லை என்ற முடிவுக்கு ஆலை வந்துசேரும். எல்3-04-ஐப் பூஜ்யம் ஆக்கு, 2005-ஐ நிறுத்து என்று கையேடுகள் தெளிவாகவே சொல்கின்றன. குறை கையேட்டில் இல்லை.

இதுவரை விசிறியை வைத்தே பேசினேன். நேரத்தைக் கூட்டினால் பாதுகாப்பு என்ற எண்ணம் விசிறியில் பெரும்பாலும் பொருந்திவிடுவதால், எல்லாச் சுமைக்கும் அது பொருந்தும் என்ற மயக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதை உடைக்க ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கிப் பம்பைவிடச் சிறந்த சான்று இல்லை.

நீர்மூழ்கி மோட்டாரின் த்ரஸ்ட் பேரிங்கை நீர்ப்படலமே தாங்குகிறது. வேகம் இல்லாவிட்டால் படலம் இல்லை. அதனால்தான் ஃபிராங்க்ளின் எலெக்ட்ரிக் தன் மோட்டார்களுக்கு 0 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை ஒரு வினாடிக்குள் கடக்கச் சொல்கிறது, இறக்கத்திலும் அப்படியே. மென்மையாக எடுக்கட்டும் என்று 30 வினாடி ஏறுநேரம் வைக்கும் நல்லெண்ணம், ஒவ்வொரு தொடக்கத்திலும் 18 வினாடி பேரிங்கை உரசவிடுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு வினாடியாக்கிவிடலாமா? அங்கே நீரடி காத்திருக்கிறது. ஜூக்கோவ்ஸ்கி 1898-இல் தந்த சமன்பாடு இன்றும் மாறவில்லை: எஃகுக் குழாயில் அழுத்த அலை வினாடிக்கு 1200 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், வினாடிக்கு 1.5 மீட்டரில் ஓடும் நீர் திடீரென நின்றால் 18 பார் கூடுதல் அழுத்தம். திடீர் என்பதற்கு அளவு உண்டு. அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள் நின்றால் அது திடீர். 600 மீட்டர் குழாய்க்கு ஒரு வினாடி.

10 வினாடி இறங்குநேரம் இருக்கிறதே, போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. முழு வேகத்தில், வால்வு மூடிய நிலையில் பம்பு எழுப்பும் உயரத்தில் எண்பது சதவீதம் நிலையான ஏற்றம் என்று கொண்டால், வேகம் 44.7 ஹெர்ட்ஸுக்கு வந்ததுமே பம்பால் நீரை மேலே தள்ள முடியாது. நான்-ரிட்டர்ன் வால்வு மூடிக்கொள்கிறது. வினாடிக்கு 5 ஹெர்ட்ஸ் இறங்கும் சரிவில் அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடிதான். மீதி ஒன்பது வினாடியும் நின்றுபோன நீரின் முன்னால் பம்பு சும்மா சுற்றுகிறது. எழுதப்பட்டது பத்து, குழாய் உணர்ந்தது ஒன்று.

இரண்டு தேவைகளும் முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் அவை அதிர்வெண்ணின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன. கீழ்ப்பகுதி வேகமாக, மேல்பகுதி மெதுவாக. சரிவை நடுவில் மாற்றும் வசதி யாஸ்காவாவில் சி1-11, மிட்சுபிஷியில் பிஆர் 147. மாறும் இடத்தை 40 ஹெர்ட்ஸில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் அடிப்படையில் கீழே 1.6 வினாடி, மேலே 50 வினாடி என்று அமைத்தால் 30 ஹெர்ட்ஸ் ஒரு வினாடிக்குள் கடக்கும். இறங்கும்போது நீரோட்டம் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் கிடைக்கும். எந்தத் தொழிற்சாலை மதிப்பும் இதைத் தராது. ட்ரிப் பார்த்து அமைப்பவரும் இங்கே வந்துசேர மாட்டார். ஏனெனில் பேரிங் உரசுவதும் குழாய் அதிர்வதும் டிரைவுக்குத் தெரியாது.

கிரேனில் கேள்வியின் வடிவமே வேறு. தொங்கும் சுமை ஓர் ஊசல். 6 மீட்டர் கயிற்றில் அதன் அலைவுநேரம் 4.9 வினாடி. ஏறுநேரத்தை அதற்குச் சமமாக வைத்தால் டிராலி முழு வேகத்தைத் தொடும் கணத்தில் ஊசலாட்டம் தானே அடங்கிவிடும். பாதியாக வைத்தால் அதிகமாக ஆடும். அழகான முடிவு. ஆனால் வினாடிக்கு அரை மீட்டர் ஓடும் டிராலி 4.9 வினாடியில் நிற்க 1.2 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆபரேட்டர் பட்டனை விட்ட இடத்தில் அது நிற்காது. வேகம் குறைக்கும் லிமிட் சுவிட்ச் அதற்கு முன்னால் இருக்க வேண்டும், ஆபரேட்டருக்கும் பழக்கம் வேண்டும். கயிற்றின் நீளம் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே அதிகம் வேலை நடக்கும் உயரத்துக்கு அமைத்து, மற்ற இடத்தில் சிறிது ஆட்டத்தை ஏற்றுக்கொள்வதே முறை. ஹாய்ஸ்டைப் பொறுத்தவரை ஒன்றே சொல்லலாம்: இறங்கும் சுமை, இறங்கும் நேரமெல்லாம் ஆற்றலைத் திருப்பித் தருகிறது, இறங்குநேரத்தை நீட்டி அதைத் தீர்க்க முடியாது, ரெசிஸ்டர் போன்ற ஏற்பாடே வழி.

எஸ்-வளைவு பற்றி விரிவாகப் பேச இடமில்லை. தொடக்கத்து உலுக்கலையும் முடிவு உலுக்கலையும் அது தணிக்கிறது; மொத்த நேரம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் நடுவில் அதிக முடுக்கத்தைக் கேட்கிறது. லிஃப்டிலும் புட்டி நிரப்பும் வரிசையிலும் அவசியம், விசிறியில் வீண். அழுத்தத்தையோ மட்டத்தையோ பிஐடி கட்டுப்படுத்தும் டிரைவில் நீண்ட சரிவு வைத்தால் கட்டுப்பாடு தாமதித்து ஊசலாடும் என்பதையும், பிஎல்சியில் ஒரு சரிவும் டிரைவில் இன்னொரு சரிவும் இருப்பது எப்போதும் தவறு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தீர்ப்புக்கு வருகிறேன். தொழிற்சாலை மதிப்பு முறையே அல்ல. முறை தொடங்கும் முன் இருக்கும் நிலை. தானியங்கிக் காப்பு நல்ல காவலாள், அதற்கு எஜமான் பதவி கூடாது. அன்றாட ஓட்டத்தில் அது விழித்துக்கொள்கிறது என்றால் அமைத்த எண் தவறு என்றே பொருள். தடவிப் பார்க்கும் முறை, முதல் எண்ணைத் தேடத் தகாதது. கணக்கில் வந்த எண்ணைச் சரிபார்க்கத் தகுந்தது. கணக்கே முதலிடம் பெறுகிறது, ஆனால் சராசரியோடு நின்றுவிடும் கணக்கு அல்ல. சரிவின் மிகக் கடினமான புள்ளியில், ஏற்றத்தில் பெரும்பாலும் உச்சியிலும் இறக்கத்தில் நடுவிலும், போட்ட கணக்கு.

அதைச் சரிபார்க்கும் வேலை அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. திரையில் டிசி பஸ் மின்னழுத்தத்தை வரவழையுங்கள். ஓட்டத்தில் அது 585 அருகே நிற்கும். முழுச் சுமையில் ஸ்டாப் கொடுத்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கீபேட் மெதுவாகவே புதுப்பிக்கும், உச்சத்தைத் தவறவிடும். டிரைவ் மென்பொருளின் டிரேஸில் பிடிப்பது மேல். ரெசிஸ்டர் இல்லாத டிரைவில் பகலில் 700-ஐத் தாண்டினால் இரவுக்கு இடைவெளி போதாது என்று கொள்ளலாம். ஏறும்போது ஆம்பியர் எங்கே உச்சம் தொடுகிறது என்பதையும், ஸ்டாப்வாட்சில் வந்த நேரமும் திரையில் எழுதிய நேரமும் ஒன்றா என்பதையும் குறியுங்கள்.

பிறகு பேனல் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். அடிப்படை அதிர்வெண், ஏறுநேரம், இறங்குநேரம், அளந்த நேரம், உச்ச ஆம்பியர், உச்ச பஸ் வோல்ட், அன்றைய லைன் வோல்ட், தேதி, இந்த எண் ஏன் என்று ஒரு வரி. அடுத்து அந்த எண்ணை மாற்ற வருபவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மாற்றட்டும்.